முதல் குரூப்பா, பியூர் சயின்ஸா, கம்ப்யூட்டர் சயின்ஸா? மகள் பிளஸ் ஒன் சேர வேண்டும்

தக்கலை அம்மா | வியாழன், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் வாசித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன், எழுதுவது இதுதான் முதல் முறை. மகள் பத்தாம் வகுப்பில் 500-க்கு 461 எடுத்திருக்கிறாள். அறிவியலில் 97, கணிதத்தில் 88. தமிழ்வழி, அரசு உதவி பெறும் பள்ளி. அங்கே பத்தோடு சரி, மேல்நிலை வகுப்பு கிடையாது. வேறு பள்ளி பார்த்தாக வேண்டும்.

அவள் அப்பா குவைத்தில் இருக்கிறார். நான் அண்டியாபீஸ் (முந்திரி ஆலை) ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. கொழுந்தனார் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்கிறார். நாத்தனார் பயோ மேத்ஸ் எடுத்தால் எல்லாக் கதவும் திறந்திருக்கும் என்கிறாள். என் அம்மாவுக்கு அவள் நர்ஸ் ஆனால் போதும். மகளைக் கேட்டால் தோளைக் குலுக்கிவிட்டுப் போகிறாள்.

அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஏப்ரலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும் நிழலில்லா நாள் வரும் என்று எங்கோ படித்துவிட்டு ஒரு வாரம் மொட்டை மாடியே கதியென்று கிடந்தாள். தண்ணீர்ப் பாட்டில் ஒன்றை நிமிர்த்தி வைத்து, அதன் நிழலைச் சாக்பீஸால் தினமும் கோடு போட்டு வந்தாள். 11-ஆம் தேதி என்னையும் இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். பாட்டிலின் நிழல் அதன் அடிக்குள்ளேயே ஒடுங்கிவிட்டது. 12 மணி 22 நிமிடம் என்று சுவரில் பென்சிலால் எழுதியும் வைத்திருக்கிறாள். வெள்ளை அடித்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

எந்தக் குரூப்? பள்ளியில் எதைக் கேட்டுச் சேர்க்க வேண்டும்? டாக்டர், இன்ஜினியர் தவிர என்ன இருக்கிறது?

வரவு செலவு | வியாழன், இரவு 10.05

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? 461 என்றால் பயோ மேத்ஸ் கொடுப்பார்கள். இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் நான்கும் கையில் இருந்தால் நீட் எழுதலாம், கிடைக்காவிட்டால் பொறியியல் போகலாம். உங்கள் நாத்தனார் சொல்வதுதான் சரி. என் இரண்டு பிள்ளைகளும் அதுதான் படித்தார்கள்.

மட்டிப்பழம் | வியாழன், இரவு 10.11

கொழுந்தனார் என்ன குரூப் படித்தார் என்று முதலில் கேளுங்கள் அக்கா.

ஓய்வுபெற்ற வேதியியல் | வெள்ளி, காலை 5.50

அம்மா, முப்பத்தொரு வருடம் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் எடுத்தவன் நான். ஒவ்வொரு மே மாதமும் இந்தக் கேள்வியோடு யாராவது என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்த அறிவியல் குரூப்பிலும் இயற்பியலும் வேதியியலும் பெரும்பாலும் இருக்கும். மீதி இரண்டில்தான் வித்தியாசம். உயிரியலும் கணிதமும் என்றால் முதல் குரூப், பயோ மேத்ஸ் என்பதும் அதுதான். கணிதமும் கணினி அறிவியலும் என்றால் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். தாவரவியலும் விலங்கியலும் தனித்தனிப் பாடமாக வந்தால் பியூர் சயின்ஸ். சில பள்ளிகளில் உயிரியலோடு நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், மனையியல், ஊட்டச்சத்து, செவிலியம் போன்றவற்றையும் சேர்த்துத் தருவார்கள். அரசுப் பட்டியலில் குரூப்புகள் ஏராளம். உங்கள் ஊர்ப் பள்ளியில் ஆசிரியர் இருக்கும் குரூப் மூன்றோ நான்கோதான். ஆகவே பட்டியலை வைத்துக்கொண்டு வீட்டில் சண்டை போடாதீர்கள்.

எல்லாக் கதவும் திறந்திருக்கும் என்கிறார்கள். திறந்த கதவு ஒவ்வொன்றுக்கும் ஒரு காவல்காரன் வேண்டும், அந்தக் காவல்காரன் உங்கள் மகள். நீட்டில் 180 கேள்வி, 720 மதிப்பெண். அதில் உயிரியல் மட்டும் 90 கேள்வி, 360 மதிப்பெண். சரிபாதி. நம் மாநிலப் பொறியியல் சேர்க்கைக்கு 200-க்குக் கட் ஆஃப் போடுவார்கள். அதில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. இங்கே கணிதம் சரிபாதி. ஒன்றில் பாதியைத் தருவது மற்றதில் பூஜ்யம். இரண்டையும் ஒரே மூச்சில் இழுக்கும் பிள்ளைகள் உண்டு, நான் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் அரைகுறையாக நின்ற பிள்ளைகளை அதைவிட நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் குரூப் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது இலவசக் காப்பீடு இல்லை, அதற்கும் தவணை உண்டு என்று சொல்கிறேன்.

பள்ளியில் என்ன கேட்பது என்றீர்கள். தேர்ச்சி விகிதத்தைக் கேட்காதீர்கள். அதைத்தான் வாசலிலேயே பிளக்ஸ் அடித்து வைத்திருப்பார்களே. வேதியியல் ஆய்வகத்தைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். சாவி தேட ஆரம்பித்தார்கள் என்றால் பாதி விடை கிடைத்துவிட்டது. உள்ளே போனால் கை கழுவும் தொட்டியைப் பாருங்கள். பழுப்புக் கறை படிந்திருக்க வேண்டும். பெர்மாங்கனேட் கரைசலைக் கொட்டிக் கொட்டி ஏறிய கறை அது, சோப்புக்குப் போகாது. பியூரெட் என்ற அளவுக் குழாயின் அடைப்பைத் திருகிப் பாருங்கள், லேசாகத் திரும்ப வேண்டும். வருடக்கணக்கில் தொடாதது இறுகிப்போயிருக்கும். தொட்டி பளபளவென்று வெள்ளையாக, அடைப்பு அசையாமல் இருந்தால் அங்கே வேதியியலைக் கரும்பலகையில் மட்டும் செய்கிறார்கள் என்று அர்த்தம்.

செய்முறை உள்ள பாடங்களில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. அந்த 30 மதிப்பெண்ணைப் பிள்ளைகள் சும்மா வாங்கிவிடுகிறார்கள். நான் போட்டுக் கொடுத்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

ஆசாரிபள்ளம் அக்கா | வெள்ளி, காலை 7.30

இரவுப் பணி முடித்துவிட்டு வந்து எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள்.

நான் பியூர் சயின்ஸ். குளச்சலில் எங்கள் தெருவில் அதைக் கணக்கு வராதவர்களின் குரூப் என்பார்கள். இன்றைக்கும் அந்தப் பேச்சு மாறவில்லை. ஆனால் என்னோடு படித்தவர்களைப் பாருங்கள். நான் பிஎஸ்சி நர்சிங். ஒருத்தி கோட்டாறு அரசு ஆயுர்வேதக் கல்லூரியில் முடித்து இப்போது மார்த்தாண்டத்தில் சொந்தமாக வைத்தியம் பார்க்கிறாள். இன்னொருத்தி மருந்தாளுநர். ஒருத்தி விலங்கியல் எம்எஸ்சி வரை போய்விட்டாள். தாவரவியலும் விலங்கியலும் தனித்தனிப் புத்தகமாக ஆழமாகப் போகும். முதல் குரூப் பிள்ளைகளுக்கு அந்த இரண்டும் சேர்ந்து ஒரே பாடம்.

கஷ்டம் எங்கே என்றும் சொல்லிவிடுகிறேன், மறைக்கக் கூடாது. பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தில் இரண்டாவது பாடத்திலேயே வெக்டரும் வகையீடும் வந்து நிற்கும். கணிதம் எடுத்த பிள்ளைகளுக்கு அதையே கணித டீச்சர் இன்னொரு முறை சொல்லித் தருவார். எங்களுக்கு ஆள் கிடையாது. நான் பக்கத்து வீட்டு அண்ணனிடம் போய் உட்கார்ந்து கற்றேன். பொறியியல் கதவும் மூடிவிடும். பெரும்பாலான கல்லூரிகளில் பிஎஸ்சி இயற்பியலும் கிடைக்காது.

உங்கள் மகள் சுவரில் நேரம் எழுதுகிறாள் என்றால் கணிதத்தை விட்டுவிடாதீர்கள் அக்கா. இதை ஒரு பியூர் சயின்ஸ்காரி சொல்கிறேன்.

முக்கோணவியல் | வெள்ளி, மாலை 5.15

அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். ஆய்வகத் தொட்டியைப் பற்றி சார் எழுதியதைப் படித்துவிட்டு இன்று எங்கள் தொட்டியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கறை இருக்கிறது, நிம்மதி.

கணிதத்தில் 88 என்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பத்தாம் வகுப்பில் 99 வாங்கி, பிளஸ் ஒன் முதல் இடைப்பருவத் தேர்வில் 40-க்கு இறங்கி அழும் பிள்ளைகள் எனக்கு வருடத்துக்கு ஐந்து பேராவது உண்டு. பத்தாம் வகுப்புக் கணக்கு வேறு, இது வேறு.

பள்ளியில் இன்னொன்றையும் கேளுங்கள். பிளஸ் ஒன் பாடத்தை முழுதாக நடத்துவீர்களா? 2017-18 கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்ததே, பல பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் தொடாமல் இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருட்டிக்கொண்டிருந்ததால்தான். 2025-26 முதல் அந்தப் பொதுத்தேர்வு இல்லை. பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது உண்மை. ஆனால் பழைய ஆசை திரும்பி வரும். மருத்துவத்துக்கான நீட், ஐஐடி போன்றவற்றுக்கான ஜேஇஇ இரண்டிலும் இரண்டு வருடப் பாடத்திலிருந்தும் கேட்பார்கள். இயக்கவியல், வெப்ப இயக்கவியல், அலைவுகள் எல்லாம் பதினொன்றில்தான் இருக்கின்றன. அந்த வருடத்தைத் தாண்டிக் குதித்த பிள்ளைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மின்காந்தம் தலையும் புரியாது, காலும் புரியாது.

இயற்பியல் ஆய்வகத்துக்குப் போனால் விளக்கெண்ணெய் இருக்கிறதா என்று கேளுங்கள். சிரிக்காதீர்கள். ஸ்டோக்ஸ் முறையில் பாகுநிலை, அதாவது திரவம் எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்று காண நீளமான கண்ணாடி ஜாடியில் விளக்கெண்ணெய் நிரப்பிச் சிறு குண்டுகளைப் போடுவோம். குண்டு கொஞ்ச தூரம் வேகம் கூடி, பிறகு ஒரே சீராக இறங்கும். அந்தச் சீரான இடம் வந்ததும் நிறுத்துக் கடிகாரத்தை அமுக்க வேண்டும். போன வாரம் வாங்கிய எண்ணெயா, நான்கு வருடப் பழசா என்பது வாசனையிலேயே தெரிந்துவிடும்.

வரவு செலவு | வெள்ளி, இரவு 8.48

தொட்டிக் கறை, விளக்கெண்ணெய் என்று எல்லோரும் ரசித்துப் பேசுகிறீர்கள். போட்டித் தேர்வு ஓஎம்ஆர் தாளில் நடக்கிறது, அங்கே பியூரெட் கிடையாது. என் மகன் படித்த தனியார் பள்ளியில் ஆய்வகம் வருடத்தில் பத்து நாள் திறந்தால் அதிசயம். ஆனாலும் இன்று பொறியாளராக இருக்கிறான். பெற்றோர் குடும்பத்தின் எதிர்காலத்தைப் பார்க்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதம் எழுத்தறிவோடு மாநிலத்திலேயே முதலிடம் வந்தது நம் கன்னியாகுமரி மாவட்டம். இங்கே படித்தவனுக்குப் பஞ்சமில்லை, வேலைக்குத்தான் பஞ்சம்.

ஓய்வுபெற்ற வேதியியல் | வெள்ளி, இரவு 9.20

வரவு செலவு அவர்களே, வேலையைப் பற்றி நீங்கள் சொல்வதை மறுக்க மாட்டேன். அதனால்தான் சொல்கிறேன், நம் காலடியில் இருக்கும் வேதியியலைப் பாருங்கள். 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலர், இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்து மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டுபிடித்தார். அன்று காஸ் விளக்கில் ஒளிரும் வலையான மேன்டிலுக்குத் தோரியம் தேவைப்பட்டது. கயிற்றைத் தட்டினால் உதிரும் மணலுக்குள் அது இருந்தது. மணவாளக்குறிச்சியில் மணல் ஆலை வந்தது அப்படித்தான். இன்றும் இல்மனைட், ரூட்டைல், சிர்கான் என்று அந்த மணலைப் பிரிக்கிறார்கள். அந்த ஆலைக்கு ஆதரவும் எதிர்ப்பும் இங்கே எவ்வளவு சூடு என்பது எல்லோருக்கும் தெரியும், அதற்குள் நான் போகவில்லை. ஆனால் சண்டையின் எந்தப் பக்கத்தில் நின்று பேசுவதற்கும் மோனசைட்டில் இருக்கும் லாந்தனைடு தனிமங்களைப் பற்றிய பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் தெரிந்திருக்க வேண்டும்.

குலசேகரம் பக்கம் ரப்பர்ப் பாலை உறைய வைக்க ஊற்றுகிறார்களே, அது பார்மிக் அமிலம். பால் வண்டியில் போகும்போது உறையாமலிருக்க அம்மோனியா சேர்க்கிறார்கள். என் மாணவர்களில் பால்வெட்டுத் தொழிலாளியின் மகன் ஒருவன் இருந்தான். கார்பாக்சிலிக் அமிலம் நடத்தியபோது, வகுப்பில் முதல் முறையாக வாய் திறந்து, எவ்வளவு பாலுக்கு எவ்வளவு ஆசிட், எவ்வளவு தண்ணீர் என்று சொன்னான். நான் பாடத்தை நிறுத்திவிட்டு அவனைப் பேச விட்டேன்.

தூத்தூர் அலை | சனி, காலை 11.02

கப்பலிலிருந்து எழுதுகிறேன், இணையம் வரும் போகும்.

கடற்கரைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லாத ஒன்று. இயற்பியல், வேதியியல், கணிதம் இருந்தால் ஐஎம்யு (இந்திய கடல்சார் பல்கலைக்கழகம்) நுழைவுத் தேர்வு எழுதிக் கப்பல் பொறியியலான மரைன் இன்ஜினியரிங் போகலாம். அந்த மூன்றிலும் சேர்த்து 60 சதவீதம் வேண்டும், ஆங்கிலத்தில் 50 வேண்டும். கண் பரிசோதனை கடுமையாக இருக்கும். நிறக்குறைபாடு இருந்தால் நடக்காது. பணம் கட்டுவதற்கு முன்னால் கண்ணைக் காட்டிவிடுங்கள். எங்கள் ஊரில் ஒரு பையன் ஏஜெண்டிடம் பெருந்தொகையைக் கொடுத்த பிறகுதான் பச்சையும் சிவப்பும் பிரியவில்லை என்று தெரிந்தது.

உயிரியல் பக்கம் போகிறவர்களுக்கு மீன்வளப் படிப்பு இருக்கிறது. தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது, நான்கு வருடப் படிப்பு. எங்கள் பையன்கள் ஆழ்கடலில் சுறா எங்கே போகும் என்று கை நீட்டிக் காட்டுவார்கள், அதைப் படிப்பாகப் படிக்கலாம் என்று கேட்டால் முழிப்பார்கள். 2017 நவம்பரில் ஓக்கிப் புயல் வந்தபோது எங்கள் கரையில் எத்தனை வீட்டில் விளக்கு அணைந்தது என்று சொல்லத் தேவையில்லை. எச்சரிக்கை ஏன் ஆழ்கடலில் இருந்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை என்பதும் அறிவியல்தான். காற்று, அலை, ரேடியோ, செயற்கைக்கோள். அந்த அறிவு இருக்கும் பிள்ளைகள் எங்கள் கரையிலிருந்தே வர வேண்டும்.

கோணத்துக்காரன் | சனி, மதியம் 1.30

எல்லோரும் மூன்று குரூப்போடு நிறுத்திவிட்டீர்கள். தொழிற்கல்விப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. நான் பேசிக் மெக்கானிக்கல் படித்தவன். பத்தாம் வகுப்பில் 270 எடுத்திருந்தேன். பள்ளியில் என்னைக் கடைசி குரூப் என்றுதான் கூப்பிட்டார்கள், பெயர் சொல்லி இல்லை. பிளஸ் டூ முடித்ததும் கோணம் அரசு பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தேன். மற்றவர்கள் மூன்று வருடம் படித்ததை இரண்டு வருடத்தில் முடித்தேன். என் செட்டில் சிலர் டிப்ளமோவோடு நிறுத்தாமல் பிஇ இரண்டாம் ஆண்டில் சேர்ந்தார்கள்.

பட்டறையில் தகடு அறுத்த கைக்குத் திருகு அளவி பிடிப்பது பெரிய விஷயம் இல்லை. பாலிடெக்னிக் முதல் வாரம் வெர்னியர் காலிப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றது முதல் குரூப்பிலிருந்து வந்த பையன்தான். இஸ்ரோ மையம் இருக்கும் மகேந்திரகிரி நமக்கு எட்டிப் பார்க்கும் தூரம், அங்கே ராக்கெட் இன்ஜினைச் சோதிக்கும்போது டெக்னீஷியனும் நிற்கிறான் என்பதை யாராவது பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

தக்கலை அம்மாவின் மகளுக்கு இது பொருந்தாது, தெரியும். இதைப் படிக்கும் வேறு யாருக்காவது பொருந்தும்.

மட்டிப்பழம் | சனி, மதியம் 1.41

அண்ணன், தலைகீழ் வெர்னியர் நான்தான் என்று நினைக்கிறேன்.

விதுரா வழிப்போக்கன் | சனி, இரவு 11.15

அக்கா, நான் குழித்துறை. மலைக்கு அந்தப் பக்கம் விதுராவில் இருக்கும் திருவனந்தபுரம் ஐசரில் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். உங்கள் மகளின் பென்சில் எழுத்தைப் பற்றிப் படித்ததிலிருந்து தூக்கம் வரவில்லை, அதனால் இந்த நேரத்தில் எழுதுகிறேன்.

டாக்டர், இன்ஜினியர் தவிர என்ன என்று கேட்டீர்கள். இது அதுதான். நாடு முழுக்க ஏழு ஐசர். பிஎஸ்-எம்எஸ் என்று ஐந்து வருடப் படிப்பு, அறிவியலையே தொழிலாகச் செய்ய. நுழைவுத் தேர்வில் உயிரியல், வேதியியல், கணிதம், இயற்பியல் ஒவ்வொன்றிலும் 15 கேள்வி, மொத்தம் 60 கேள்வி, 240 மதிப்பெண். பிளஸ் டூவில் அந்த நான்கில் மூன்று பாடம் படித்திருந்தால் எழுதலாம். ஆகவே உயிரியல் இல்லாதவளும் வரலாம், கணிதம் இல்லாதவளும் வரலாம். படிக்காத பாடத்தின் 15 கேள்வியைத் தானாகத் தேற்ற வேண்டும், அவ்வளவுதான். வானம்தான் பிடிக்கும் என்றால் வலியமலையில் ஐஐஎஸ்டி இருக்கிறது. விண்வெளித் துறையின் கல்லூரி, 2007-இல் ஆரம்பித்தது. அதற்கு ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுத வேண்டும், கணிதம் கட்டாயம்.

பிளஸ் ஒன், பிளஸ் டூவில் இருக்கும்போதே நவம்பரில் நடக்கும் ஒலிம்பியாட் முதல் கட்டத் தேர்வை எழுதச் சொல்லுங்கள். இயற்பியல், வேதியியல், உயிரியலோடு வானியலுக்கும் தனியாக உண்டு. நம் பக்கம் யாருமே எழுதுவதில்லை, எழுதினால்தானே தெரியும். நான் எழுதித் தோற்றேன். ஆனால் அந்தக் கேள்வித்தாளைப் பார்த்த பிறகுதான் பாடப்புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகள் எவ்வளவு சின்ன உலகம் என்று புரிந்தது. சென்னை ஐஐடி பள்ளி மாணவர்களுக்கென்றே இணையவழிச் சிறு படிப்புகள் நடத்துகிறது, அதையும் பாருங்கள். பிளஸ் டூவில் மாநிலத்தின் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து அடிப்படை அறிவியலில் பட்டப்படிப்பு சேர்ந்தால் மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை உண்டு, வருடத்துக்கு 80,000 ரூபாய்.

இப்போது மகளுக்கு ஒரு கேள்வி. கன்னியாகுமரி காந்தி மண்டபத்தில் அக்டோபர் 2 நண்பகலில் கூரைத் துவாரம் வழியாக வெயில் காந்தியின் அஸ்தி வைத்த இடத்தில் விழும். எல்லோரும் அந்த ஒரு நாளைத்தான் சொல்வார்கள். சூரியன் போகும் வழியில்தானே திரும்பியும் வருகிறது? அப்படியானால் வருடத்தில் இன்னொரு நாளும் விழ வேண்டும். அது எந்த நாள்? எத்தனை மணிக்கு? விடை என்னிடம் இருக்கிறது, சொல்ல மாட்டேன்.

தக்கலை அம்மா | ஞாயிறு, காலை 6.30

இத்தனை பேர் இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. எல்லாவற்றையும் மகளிடம் வாசித்துக் காட்டினேன். தம்பியின் கேள்வியைக் கேட்டதும் போனைப் பிடுங்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

எனக்கு இரண்டு சந்தேகம். மருத்துவம் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி ஒதுக்கீடு 7.5 சதவீதம் என்கிறார்களே, இப்போது அரசுப் பள்ளியில் சேர்த்தால் கிடைக்குமா? தமிழ்வழியில் படித்தவள் ஆங்கிலவழிக்கு மாற வேண்டுமா?

ஓய்வுபெற்ற வேதியியல் | ஞாயிறு, காலை 7.10

முதல் கேள்விக்கு வருத்தமான பதில். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். உதவி பெறும் பள்ளி அதில் சேராது. நம் மாவட்டத்தில் பாதிப் பிள்ளைகள் மிஷன் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் படிப்பவர்கள். ஏழையின் பிள்ளை சுவருக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பார்ப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் விதி அதுதான். கல்லூரியில் சேரும் பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாய் மட்டும் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழி படித்த பெண்களுக்கும் நீட்டப்பட்டிருக்கிறது. அதை மனதில் வைத்துக்கொண்டு வழியை மாற்றுவதைப் பற்றி முடிவெடுங்கள்.

தமிழ்வழியில் படித்தால் குறை ஒன்றும் இல்லை. நீட்டைத் தமிழிலும் எழுதலாம். 2018-இல் தமிழ்த் தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புத் தவறு வந்து, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மதிப்பெண் தரச் சொல்லி, உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்ததெல்லாம் நினைவிருக்கும். இரண்டு மொழிக்கும் வேறுபாடு வந்தால் ஆங்கிலமே செல்லும். ஆகவே உந்தம், முடுக்கம், திசைவேகம் என்று படிக்கும்போதே ஆங்கிலச் சொல்லையும் ஓரத்தில் எழுதி வைக்கப் பழக்குங்கள். நோட்டின் ஓரம் அதற்குப் போதும்.

முக்கோணவியல் | ஞாயிறு, காலை 9.00

கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் பற்றி யாரும் பேசவில்லை. பதினொன்றில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டில் பைத்தான் வரும். நல்ல பாடம். ஆனால் கல்லூரியில் கணினிப் பொறியியல் சேர அந்தப் பாடம் தேவையே இல்லை, கணிதமும் இயற்பியலும் வேதியியலும்தான் கணக்கு. கம்ப்யூட்டர் வேலைக்கு இந்தக் குரூப்தான் வழி என்று கொழுந்தனார் சொன்னால் நம்ப வேண்டாம். பிடித்திருந்தால் எடுக்கலாம்.

தக்கலை அம்மா | வியாழன், இரவு 8.25

இரண்டு பள்ளிக்குப் போய்வந்தோம்.

முதல் பள்ளி தனியார். வரவேற்பறையில் ஏசி, சுவர் முழுக்கச் சிரித்த முகங்கள். ஆய்வகம் பார்க்கலாமா என்று கேட்டேன். அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருக்கிறாராம். ஓய்வுபெற்ற சார் எழுதியது நினைவுக்கு வந்து சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்துவிட்டேன். கட்டணத்தைக் கேட்கவும் இல்லை.

இரண்டாவது அரசுப் பள்ளி. கட்டடம் பழசு, வராந்தாவில் ஓடு இரண்டு இல்லை. ஆய்வகக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே ஒரு டீச்சர் தரையில் உட்கார்ந்து பாட்டில்களுக்குப் புது லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். மகள் நேராகத் தொட்டியிடம் போனாள். கறை இருந்தது. ஒரு இடத்தில் இல்லை, மூன்று தொட்டியிலும், தேயிலைக் கஷாயம் ஊற்றிய மாதிரி. சோப்புக்குப் போகாது என்கிறார்களே, எதற்குத்தான் போகும் என்று டீச்சரைக் கேட்டாள். ஆக்சாலிக் அமிலத்தில் துடைத்தால் போய்விடும், ஆனால் அமிலத்தைத் தொட்டிக்குச் செலவு செய்தால் பிள்ளைகளுக்குச் செய்முறைக்கு இருக்காது என்றார் அவர். அதன் பிறகு அரை மணி நேரம் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வராந்தாவில் நின்றேன்.

வெளியே வந்ததும் முடிவைச் சொல்லிவிட்டாள். கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல். நான் உயிரியல் என்று ஆரம்பித்தேன். அம்மா, எனக்குப் படம் வரைந்து பாகம் குறிப்பது பிடிக்காது, பத்தாம் வகுப்பிலும் பிடிக்கவில்லை என்றாள். மூன்று வருடமாக இதைச் சொல்லாமலே இருந்திருக்கிறாள். என் அம்மா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

வரவு செலவு | வியாழன், இரவு 8.50

மருத்துவம் போயிற்றே. பின்னால் வருத்தப்படுவீர்கள்.

ஓய்வுபெற்ற வேதியியல் | வியாழன், இரவு 9.05

போகவில்லை. 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்துவிட்டது. பிளஸ் டூ முடித்த பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக அங்கீகரிக்கப்பட்ட வாரியத்தில் எழுதித் தேறினாலும் நீட் எழுதலாம். சுற்று வழிதான், ஆனாலும் வழி. வீட்டில் பாட்டியம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், பேசுவார்.

விதுரா வழிப்போக்கன் | வியாழன், இரவு 10.30

அதெல்லாம் இருக்கட்டும் அக்கா, கேள்விக்கு விடை?

தக்கலை அம்மா | வெள்ளி, காலை 6.15

அவளே தட்டச்சு செய்கிறாள், நான் பக்கத்தில் நிற்கிறேன்.

அண்ணா, மார்ச் 11. அக்டோபர் 2 அன்று சூரியன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே மூன்றரை டிகிரிக்குக் கொஞ்சம் மேல் இருக்கும். கன்னியாகுமரி வடக்கே எட்டு டிகிரி. ஆகவே வெயில் நேர் மேலிருந்து வராது, தெற்கே பன்னிரண்டு டிகிரிக்குச் சற்றுக் குறைவாகச் சாய்ந்து வரும். அதே சாய்வு மார்ச் 11 வாக்கில் திரும்பி வருகிறது. நேரத்தில்தான் இரண்டு நாள் மாட்டிக்கொண்டேன். அக்டோபரில் உச்சி 12 மணி 9 நிமிடத்துக்கு வருகிறது, மார்ச்சில் 12.30-க்கு. ஏன் 21 நிமிடம் தள்ளிப்போகிறது என்பது பாதிதான் புரிந்திருக்கிறது. பூமி சுற்றும் பாதை வட்டம் இல்லை என்பதும் அச்சின் சாய்வும் சேர்ந்து வருகிறது என்று தெரிகிறது, கணக்கு வரவில்லை. சரியா?

விதுரா வழிப்போக்கன் | வெள்ளி, காலை 6.20

சரி. மீதிக் கணக்கு பிளஸ் ஒன்னில் வராது, நான் அனுப்புகிறேன்.

மட்டிப்பழம் | வெள்ளி, காலை 7.02

மார்ச் 11 அன்று நான் கன்னியாகுமரியில் இருப்பேன், மச்சினிச்சி வீடு அங்கேதான். 12.30-க்கு மண்டபத்துக்குள் நின்று படம் எடுத்து இங்கே போடுகிறேன். வெயில் விழவில்லை என்றால் யாரைத் திட்டுவது என்று மட்டும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.